கேட்டைத் திறந்தது யார்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, கேட் மூவரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் எதுவும் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எப்போதும் நினைப்பு. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று புருவத்தைத் தூக்குவாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ பாதியிலேயே பதில் சொல்லிவிடுவாய், காகிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. நீ அப்பாவிடம் பேசாமல் இருக்கிறாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கண் சரியில்லாத மனிதர், இனிமேல் கார் ஓட்ட மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தவர், விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் காரை எடுத்துக்கொண்டு போனார் என்று உனக்குக் கோபம். கோபம் நியாயம்தான். ஆனால் உன் போன் வருகிற நேரத்துக்கு அவர் ஹாலுக்கு வந்து டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்காருகிறார், நீ என்னோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய், அவர் மறுபடி சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறார். செய்தியில் என்ன சொன்னான் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனசு கேட்கவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், வேலை எல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படி.

நீ கேட்டுக்காக அந்த வைஃபை பெட்டியை அனுப்பியபோது, அம்மா மழையில் நனைந்துகொண்டு கேட் திறக்க வேண்டாம், சோபாவில் உட்கார்ந்தபடி போனிலேயே திறக்கலாம் என்று சொன்னாய். நம் கேட் ஏற்கெனவே மோட்டாரில் ஓடுகிற கேட், ரிமோட்டை அழுத்தினால் தானாக நகர்கிறது, நான் எப்போது நனைந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. ஆனாலும் மகள் ஆசையாக வாங்கி அனுப்பியது என்று வாயை மூடிக்கொண்டேன். பெட்டி சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது, அதோடு வந்த காகிதம் படுக்கை விரிப்பு அளவு இருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து அந்தக் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் சும்மா போடறாங்க சார் என்று மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார், அது இன்றுவரை திரும்பி வரவில்லை. மோட்டாரிலிருந்து இரண்டு ஒயர் இழுத்துப் பெட்டியில் கொடுத்தார், விளக்கு நீலமாக மினுக்கிக்கொண்டே இருந்தது, நிற்க மாட்டேன் என்றது. வைஃபை கேட்டுவரை வரவில்லை. சிக்னல் எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க அப்பா போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் மேலும் கீழுமாக நடந்தார். எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, அண்ணனுக்குத் தோள்வலி தேவலையா என்று என்னிடம் விசாரித்தார். கடைசியில் சிக்னலை இழுத்துக் கொடுக்கிற இன்னொரு குட்டிப் பெட்டியை வாங்கிக் குளியலறை ஜன்னலில் வைத்தார்கள், ஏனென்றால் அங்கேதான் பிளக் இருந்தது. அதனால் இப்போது நாங்கள் சுவரைப் பார்த்து, தண்ணீர் தெறிக்காமல், மரியாதையாகக் குளிக்கிறோம். வைஃபை பாஸ்வேர்டு என்ன சார் என்று எலக்ட்ரீஷியன் கேட்டதற்கு அப்பா சொல்லவில்லை, போனை வாங்கித் தானே அடித்தார். உன்னைச் சின்ன வயதில் கூப்பிடுகிற பெயர்தான் பாஸ்வேர்டு, அதை வெளி ஆள் முன்னால் சொல்ல அவருக்குக் கூச்சம்.

அப்புறம் அந்தக் காந்தம். கேட் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று பெட்டிக்குத் தெரிவதற்காக, கேட்டில் ஒரு காந்தமும் தூணில் அதற்கு ஜோடியும் ஒட்ட வேண்டும். இரண்டும் பக்கத்தில் வந்தால் கேட் மூடிவிட்டது என்று அர்த்தம். எலக்ட்ரீஷியன் அதைப் பூட்டுகிற பக்கத்துத் தூணில் ஒட்டாமல் மோட்டார் பக்கத்துத் தூணில் ஒட்டிவிட்டார். ஒயர் அதுவரைக்கும்தான் எட்டியது என்றார். அதனால் கேட் முழுசாகத் திறந்தால் மூடியாயிற்று என்றும், மூடினால் திறந்திருக்கிறது என்றும் உனக்குச் செய்தி வந்தது. இது உனக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அய்யோ கேட் திறந்து கிடக்கிறதே என்று நீ அங்கிருந்து பட்டனை அழுத்துவாய், மூடியிருந்த கேட் இங்கே திறக்கும். அப்பா எழுந்து போய் மூடுவார். மூடினார் அல்லவா, உனக்குத் திறந்தது என்று மணி அடிக்கும், நீ மறுபடி அழுத்துவாய். தகப்பனும் மகளும் பொறுப்பாகக் காவல் காத்ததில் தெருவிலிருந்த மாடு உள்ளே வந்து என் ரோஜாத் தொட்டிகளைச் சுத்தமாக முடித்துவிட்டுப் போனது. காந்தத்தை இடம் மாற்றிய பிறகுதான் எல்லாம் அடங்கியது. அதோடு, பாதுகாப்பு என்று நீ சொன்னதால் பழைய ரிமோட்டின் இணைப்பையும் கழற்றியாயிற்று. அந்த ஆப்பில் வீட்டுச் சொந்தக்காரர் என்று உன் பெயர் இருக்கிறது, நாங்கள் விருந்தாளிகள் என்று இருக்கிறது. எங்கள் வீட்டுக் கேட்டுக்கு நாங்கள் விருந்தாளிகள் ஆனதை எதிர்வீட்டு அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

நீ எதற்காக அதை மாட்டினாய் என்று எனக்கு முதல் நாளே தெரியும். ஓரப் பார்வை போய்விட்டது, நேராகப் பார்க்கிறது மட்டும்தான் தெரியும், இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று கண் டாக்டர் சொன்னார். ஓட்டுநர் பள்ளியில் இந்த ஊரில் பாதிப் பேருக்கு, உனக்கும் சேர்த்து, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரிடம் அப்படிச் சொன்னார். கேட் திறந்தால் உன் போனில் மணி அடிக்கும், அப்பா காரை எடுத்தால் தெரிந்துவிடும் என்று நீ கணக்குப் போட்டாய். உன்மேல் குற்றம் சொல்லவில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதேபோல விடியற்காலையில் மணி அடித்தது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது, தினமும் அடித்தது. எங்கேப்பா போனீங்க என்று நீ கேட்டாய், பால் வாங்க என்று அவர் சொன்னார். பால் வீட்டுக்கே வருகிறது என்று உனக்குத் தெரியாதா. அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வரவே வராது.

கேட்டைத் திறந்தது அப்பா. காரை ஓட்டியது நான்.

ஆமாம், நான்தான். மறுபடியும் வேண்டுமானால் அந்த வரியைப் படித்துக்கொள். டாக்டரிடம் போய்வந்த மறுநாள் அப்பா காரைத் துடைத்து வைத்துவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். இனிமே இது உன்கிட்ட இருக்கட்டும் என்றார். எனக்கு ஓட்டத் தெரியாதே என்றேன், கத்துக்கோ என்றார். இத்தனை வருஷம் நான் கேட்டபோதெல்லாம் உனக்கு எதுக்கு, நான் இருக்கேனே என்று சொன்ன வாய்தான் அது. குடோன்களுக்குப் பின்னால் ஒரு காலி மைதானம் இருக்கிறது, ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன்னால் அங்கே போய்விடுவோம். அங்கே போகிறவரை எதிரே வருகிறதை அவர் சொல்வார், பக்கவாட்டில் வருகிறதை நான் பார்த்துக்கொள்வேன், இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு டிரைவர். ஊரார் பிள்ளைகளுக்கு அவர் காட்டிய பொறுமை எல்லாம் வேலையோடு ஓய்வு பெற்றுவிட்டது போலிருக்கிறது. கிளட்ச், கிளட்ச் என்று என் காது கிழியக் கத்துவார். ஓட்டுநர் பள்ளிக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும், நம் காரில் இல்லை, ஆனாலும் நான் ஓட்டும்போதெல்லாம் காலால் மிதித்துக்கொண்டே வருகிறார், மிதியடியில் அந்த இடம் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. ஒருநாள் நான் நன்றாகத் திருப்பினேன் என்று நினைத்துப் பெருமையாக அவர் பக்கம் பார்த்தேன். என்னைப் பார்க்காதே, ரோட்டைப் பார் என்றார். பிறகு கொஞ்ச தூரம் போனதும், நாளைக்கு எனக்கு முழுசா தெரியாமப் போனாலும் நீ எங்கேயும் யாரையும் எதிர்பார்த்து நிக்கக் கூடாது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்ததால் துடைக்க முடியவில்லை, அதற்கும் இண்டிகேட்டர் போடவில்லை என்று திட்டு வாங்கினேன்.

டெஸ்டில் பாஸ் ஆகிறவரை மகளிடம் மூச்சு விடக் கூடாது என்று சொன்னது நான். தெரிந்தால் இந்த வயசில் எதுக்கும்மா என்று ஆரம்பிப்பாய், போதாததற்கு மாப்பிள்ளையையும் போனில் உட்காரவைத்துப் பேசச் சொல்வாய். அதற்காக நான் வருத்தப்படவில்லை, இன்னொரு தடவை என்றாலும் அப்படித்தான் சொல்வேன். வருத்தமெல்லாம் அந்த மழைநாளைப் பற்றித்தான். மைதானத்திலிருந்து திரும்பி வந்தால் கேட் திறக்கவில்லை. அப்பா இறங்கிப்போய் போனை அழுத்துகிறார், உங்களுக்கு அனுமதி இல்லை என்று வருகிறது. மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கையால் தள்ளுவதற்கு ஒரு சாவி இருக்கிறது, அது வீட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. நான் சரிவில் பிரேக்கை மிதித்தபடி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், காலை எடுத்தால் கார் பின்னால் போய் எதிர்வீட்டுச் சுவரில் முட்டும். அப்போதுதான் நீ கூப்பிட்டாய். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் இல்லை இல்லை என்று தலையாட்டினார், பிறகு என்னவோ சொன்னார், கேட் திறந்தது. காருக்குள் வந்து சொட்டச் சொட்ட உட்கார்ந்தார். என்ன சொன்னா என்று கேட்டதற்கு, வேலையா இருக்கா, அப்புறம் பேசறாளாம் என்றார்.

அப்பாவே ஒத்துக்கிட்டார்மா, நான்தான் ஓட்டினேன்னு சொல்லிட்டார் என்று நீ போனில் சொன்னபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. ஆப்பில் எங்கள் அனுமதியை நீயே எடுத்துவிட்டு, உண்மையைச் சொன்னால்தான் கேட்டைத் திறப்பேன் என்றாயாம். நீ உண்மையைக் கேட்டாய், அவர் பொய்யைச் சொன்னார், கேட் திறந்தது. இனிமேல் உங்க பேச்சுக்கு மதிப்பில்ல, நீங்க எனக்குப் போன் பண்ண வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாய். ஏன் இப்படிப் பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டீர்கள் என்று அவரைப் பிடித்து உலுக்கினேன். நீதானே சொல்லக் கூடாதுன்னு சொன்ன என்றார், ஏதோ கடையில் கொத்தமல்லி மறந்ததைப் பற்றிப் பேசுகிற மாதிரி. இப்போதே அவளிடம் சொல்கிறேன் என்றால் விடவில்லை, டெஸ்ட் முடியட்டும், சேர்த்துச் சொல்லு, சந்தோஷப்படுவா என்றார். முதல் டெஸ்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்புகளைச் சாய்த்துவிட்டேன். அப்பா வெளியே நின்றார், அவருக்கு ஓரத்தில் இருக்கிற கம்பு தெரியாது, எதுவும் விழலியே என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த முறை பாஸ் ஆகிவிட்டேன். எதிர்வீட்டு அக்காவுக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். உனக்கு மட்டும் சொல்ல முடியவில்லை, போன் பண்ண வேண்டாம் என்று நீ சொல்லியிருக்கிறாய் அல்லவா. நான் சொல்லலாம் என்று அப்பாவைப் பற்றிப் பேச்சை எடுத்தால், அம்மா ப்ளீஸ் என்று வெட்டிவிடுகிறாய். லைசென்ஸ் நகலை உள்ளே வைத்திருக்கிறேன். அதில் முறைத்துக்கொண்டிருப்பது நான்தான், சிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

போன வாரம் கண் ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். நேர்ப்பார்வையும் மெல்லச் சுருங்கிக்கொண்டு வருகிறதாம், மருந்தை விடாமல் போட்டால் தள்ளிப்போடலாமாம், நிறுத்த முடியாதாம். திரும்பி வரும்போது ஒரு தடவைகூட அவர் கிளட்ச் என்று கத்தவில்லை, எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவருக்கு உன் குரல் வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கடிதத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. நீ கூப்பிட்டு அழுது மன்னிப்பு எல்லாம் கேட்டு வைக்காதே, அவர் தாங்க மாட்டார், அப்புறம் நான்தான் தேற்ற வேண்டும். அம்மா எப்படிப்பா ஓட்டறாங்க என்று மட்டும் கேள். நான் ஓட்டுவதில் இருக்கிற குறை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்வார், நேரம் பிடிக்கும், சொல்லி முடிக்கிறவரை போனை வைக்காதே.

வெயில் மழை பார்த்துப் போ, ராத்திரி கண் விழிக்காதே, உனக்கும் மாப்பிள்ளைக்கும் எந்தக் குறையும் வராமல் நீண்ட காலம் சந்தோஷமாக இருக்க எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், இனிமேல் காலையில் எனக்குப் போன் செய்யாதே, நான் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன். அப்பாவுக்குச் செய், அவர் பக்கத்து சீட்டில் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
பிரியமுள்ள அம்மா