கட்டம் கட்டமாகத் தெரிந்த உங்கள் பெயர்

பாய், கடைக்குப் புது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. மேசையை நகர்த்தும்போது ஆணியில் தொங்கிய உங்கள் துணிப்பை கீழே விழுந்தது. அத்தர் வாசனை இன்னும் போகவில்லை. எடுத்து மாட்டிவிட்டு உட்கார்ந்தால், உங்கள் மகள் போனில் அனுப்பிய அரபி வரி திரையில் வெறும் கட்டம் கட்டமாக நிற்கிறது.

அவள் கேட்டது உங்கள் மீசான் கல்லுக்கான எழுத்து. உங்களை அடக்கம் செய்த கப்ரின் தலைமாட்டில் நடுகிற கல். "மாமா, நீங்க குடுக்கிறதைத்தான் கல்லு கொத்துறவர் அப்படியே கொத்துவாராம். மேல பிஸ்மில்லா, கீழ அத்தா பேரு, அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதானாம். பாலக்கரையில் நாம் ரெண்டு பேரும் அச்சுக் கடை நடத்திய இத்தனை வருஷமும் அரபி உங்கள் பக்கம், தமிழ் என் பக்கம். எனக்கு அரபியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் தப்பு வந்தால் வேறு அடித்துக் கொடுக்கலாம். கல்லில் வந்தால்?

செட்டிங்ஸுக்குள் போய் அரபியைச் சேர்த்தேன், ஃபான்ட் ஏற்றினேன். கட்டங்கள் போய் எழுத்து வந்தது. நம் பழைய டிசைன் சாஃப்ட்வேரில் கொண்டுபோய் ஒட்டியதும் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிய்ந்து, இடமிருந்து வலமாகத் திரும்பி நின்றது. ஒரு நிக்காஹ் பத்திரிகை இப்படி வந்த அன்று உங்கள் முகம் வெளுத்துப் போனது. "அரபி கை கோத்து நிக்கும் சாமி. சில எழுத்துதான் கையை விடும்" என்றீர்கள். அது எதெது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்று வீணான தாள்களை நீங்கள் குப்பைக்குப் போகவிடவில்லை. ஒன்றுவிடாமல் பொறுக்கி இந்தப் பையில் வைத்து, "ஆண்டவன் பேரு இருக்கு, கால் படக்கூடாது. நீங்க ஸ்ரீரங்கம் போற வழிதானே, ஓடுற தண்ணியில விட்டுடுங்க" என்று என் தோளில் மாட்டினீர்கள். அதுமுதல் பை நிறைந்தால் காவேரிக்கு எடுத்துப்போவது என் வேலையாயிற்று. "நாமம் போட்ட ஆளு பிஸ்மில்லாவைச் சுமந்துக்கிட்டுப் போறாரு பாருங்க" என்று கடை வாசலில் நின்று சிரிப்பீர்கள்.

இப்போது ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு சோதனைத் தாள் எடுத்துப் பார்த்தேன். வேறொரு புது சாஃப்ட்வேரில் எழுத்துகள் ஒருவழியாகச் சேர்ந்து வந்தன. கல் கொத்துபவரின் கம்ப்யூட்டரில் மறுபடி பிய்ந்துவிடுமோ என்று பயந்து, எழுத்தைப் படமாக மாற்றி வைத்தேன். உங்கள் மகள் வந்து வலப்பக்கமிருந்து விரல் வைத்து வாசித்தாள். "சரியா இருக்கு மாமா" என்றாள். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். நாளைக்குக் கொத்துகிறார்கள். எனக்குப் பயம் போகவில்லை பாய்.

சோதனைக்கு எடுத்த தாள்களையெல்லாம் பையில் போட்டு, சாயங்காலம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். காவேரிப் படியில் இறங்கி நின்றேன். இத்தனை நாள் ஆண்டவன் பேரும் ஊரார் பேரும்தான் இதில் இருந்தன, தயங்காமல் விட்டேன். இன்று உங்கள் பேர் இருக்கிறது. தண்ணீரில் விட மனசு வராமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.