நகராத அம்மி

9 மார்ச் 2025, ஞாயிறு

பிரிக்பீல்ட்ஸ் வீடியோ கேம் கடை மாடியில் இன்றும் விஷ்ணுப்ரியாவிடம் தோல்வி. கிள்ளானிலிருந்து கோமுட்டர் ரயில் ஏறி வருகிறாள், அலட்டாமல் உட்காருகிறாள், திரையில் என் ஆள் விடும் உதை, குத்து எல்லாவற்றையும் தடுத்துவிட்டுப் போகிறாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம். இந்த அம்மி நகரவில்லை. அடுத்த மாதம் சுபாங் ஜெயா போட்டியில் ஜெயிக்கும் ஒருவருக்குத்தான் சிங்கப்பூர் போட்டிக்குப் போகும் வாய்ப்பு. அது எனக்கு வேண்டும்.

11 மார்ச்

பெட்டாலிங் ஜெயா நெரிசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தபோது என் தப்பு புரிந்தது. வீட்டில் நான் பழகுவது கேமில் பயிற்சிக்கென்று இருக்கும், தடுக்க மட்டும் தெரிந்த பொம்மையோடு. அது திருப்பி அடிக்காது. அவளோ நான் எப்போது ஓய்வேன் என்று காத்திருக்கிறாள். அப்படியானால் ஓய்ந்த மாதிரி நடித்தால்? இரண்டு உதை, பிறகு சின்ன இடைவெளி. தன் முறை வந்ததென்று அடிக்க வருவாள், தடுப்பு விலகும். மூன்றாவது உதை உள்ளே போகும்.

16 மார்ச்

போனது! ஜெயித்தேன்!

23 மார்ச்

இடைவெளி விட்டேன். அவள் பட்டனைத் தொடவே இல்லை. ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாளே! எரிச்சல் வரவேண்டும், வரவில்லை. என்ன பொறுமை அது.

3 ஏப்ரல்

அசையமாட்டாள் என்றால் நல்லதுதான் — அந்த இடைவெளியிலேயே நெருங்கிப் பிடித்துத் தூக்கி எறியலாம். பிடியைத் தடுப்பால் நிறுத்த முடியாது.

6 ஏப்ரல், ஞாயிறு

சுபாங் ஜெயா. விஷ்ணுப்ரியாவோடு இறுதி ஆட்டம், கடைசிச் சுற்று. இருவருக்கும் இன்னும் ஒரே அடி தாங்கும் உயிர்தான் மிச்சம். இரண்டு உதை, இடைவெளி. அசையவில்லை. நெருங்கிப் பிடித்தேன் — வெறும் காற்று. குதித்திருந்தாள். என் தலைமேல் வந்து இறங்கினாள்.

வயிறு எரியுது. ஆனா என்னமா குதிச்சா!

படியிறங்கும்போது கூடவே வந்தாள். “உங்க இடைவெளிதான் எனக்குப் பயம், செல்வம். சிங்கப்பூர் போற வரைக்கும் கிள்ளானுக்கு வந்து என்னை அடிங்க லா.”

வேலை இருக்கிறது என்றேன்.

13 ஏப்ரல்

வேலை ஒன்றுமில்லை. கிள்ளான் போனேன். இனி வாராவாரம்.

18 மே, ஞாயிறு

மதியம் சாப்பாட்டுக் கடையில் போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்து விஷ்ணுப்ரியாவின் சிங்கப்பூர் ஆட்டம் பார்த்தேன். எதிராளி இரண்டு உதை விட்டான். பிறகு இடைவெளி. அவள் அசையவில்லை. பிடிக்க வந்தான், குதித்தாள். முடிந்தது.

எழுந்து கத்திவிட்டேன், தே தாரிக் டீ சட்டையெல்லாம் கொட்டியது. மேசை துடைக்க வந்த கடைக்கார ஆன்டி போனை எட்டிப் பார்த்து, யாருப்பா அது என்று கேட்டார்.

“கிள்ளான் அம்மி, ஆன்டி. நகராது. நான் அடிச்சுப் பார்த்துட்டேன்.”