பதினைந்தாம் தேதி சாயங்கால சங்கீதம்

திருப்பூர்
15 நவம்பர் 1964, ஞாயிறு

அன்பு மகள் லீதியாளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாங்கள் முக்கால்வாசி சுகம், மீதிக் கால்வாசி உன் தம்பி சாலமோனுடைய கக்குவான் இருமல். லூதியானாவில் குளிர் தொடங்கியிருக்கும், நீ சுகமாயிருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே விடாத மழை, வெளுத்த துணி காயாமல் அப்பாவின் பனியன் கம்பெனியில் பாதி மெஷின் நிற்கிறது, அவர் வீட்டுக்கு வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் பகலில் பள்ளிக்கூடம், ராத்திரி சாலுவின் முதுகைத் தடவிக்கொண்டு சுவரில் சாய்ந்த தூக்கம். எழுத்து கோணியிருந்தால் அதுதான் காரணம்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிரசவ வார்டில் நர்ஸ் உடுப்பில் நின்ற உன் கையைப் பிடித்தபடியே அந்தப் பெண் இறந்ததிலிருந்து ஜெபப்புத்தகத்தைத் திறக்கவில்லை, எவரோ எழுதிவைத்ததை நான் சொல்வது பொய்யாகப்படுகிறது, சொந்தமாகவும் ஒரு வார்த்தை வரவில்லை என்று எழுதியிருந்தாய். திட்டப்போவதில்லை. ஆனால் அத்தனை தூரத்தில், அப்படி ஒரு சாவைப் பார்த்துவிட்டு, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் நிற்கிறாயே என்றுதான் இதை எழுதுகிறேன். நீ பொய்யென்று சொன்னதைத்தான் இங்கே சின்னாத்தாள் அக்காவும் வருஷக்கணக்காய் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நம் சபையில் பாதிப்பேர் அவரைப்போல லண்டன் மிஷன் வழி, மனதில் வந்ததைச் சொல்லி ஜெபிக்கிறவர்கள். நாமோ திருநெல்வேலியிலிருந்து ஜெபப்புத்தகத்தோடு வந்து சேர்ந்தவர்கள். நீ பிறந்த மறு வருஷம் இரண்டு கூட்டத்தையும் ஒரே திருச்சபை ஆக்கினார்களே தவிர, முழங்கால்படியிடும்போது இன்னும் இரண்டு கூட்டம்தான். ஏனுங்க அம்மிணி, சாமிகிட்டப் பேசறதுக்குப் பொஸ்தகம் எதுக்குங்க, உங்க ஊட்டுக்காரருகிட்டப் பொஸ்தகத்தைப் பாத்துட்டா பேசறீங்க என்று அக்கா கேட்பார். யோசித்துப் பார்த்தால் அப்பாவிடம் நான் பேசுவதும் கல்யாணமான நாளிலிருந்து அதே நாலு வரிதான், சாப்பிட வாங்க, குடை எடுத்தீங்களா, சீமெண்ணெய் தீர்ந்துவிட்டது, விளக்கை அணைங்க. அவரும் அதற்கெல்லாம் ம் என்றுதான் சொல்கிறார். அதைப் பொய் என்று நான் நினைத்ததில்லை.

போன வாரம் சாலு இருமி இருமி உதடு நீலம் பாரித்துவிட்டான். டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போனதும் சபையார் வீட்டுக்கு ஜெபிக்க வந்தார்கள். சின்னாத்தாள் அக்கா அழகாக, பிள்ளையின் நெஞ்சுச்சளியிலிருந்து அப்பாவின் மெஷின்வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லி ஜெபித்தார். முடித்துவிட்டு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மிணி என்றார். எனக்கு ஒன்றுமே வரவில்லை, நீ எழுதியிருந்தாயே அதேபோல. வாய் மட்டும் தானாகத் திறந்து புத்தகத்திலிருந்து ஒரு ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தது. பாதி தாண்டியபிறகுதான் தெரிந்தது, அது மழைக்கான ஜெபம். எங்கள் ஊர்ச் செம்மணல் தேரிக்காட்டில் மழை எங்கே பெய்தது, சிறுபிள்ளையில் ஞாயிறுதோறும் சொன்னதுதானே நாக்கில் நிற்கும். வெளியே கூரை பிய்கிறாற்போல் கொட்டுகிறது, நான் உள்ளே மழை கேட்டுக்கொண்டிருக்கிறேன். நிறுத்தவும் தெரியாமல் முடித்துவிட்டேன். எல்லாரும் ஆமென் என்றார்கள், அப்பாகூட. சின்னாத்தாள் அக்கா கண்ணைத் திறந்து, இதுக்கு மேலயுமாங்க அம்மிணி என்றார். நான் சிரித்தேன், சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை, அந்த வாரம் முழுவதும் வராத அழுகை. அவர் என்னை மடியில் சாய்த்துக்கொண்டு, நீங்க கேட்டது சாமிக்குப் புரிஞ்சிருக்கும், விடுங்க என்றார். எந்த வார்த்தை கிடைத்ததோ அதைப் பிடித்துக்கொண்டுதான் நானும் கர்த்தருடைய வாசல்வரை போய்ச் சேர்ந்தேன்.

இன்றைக்குக் கோவிலில் எல்லாருக்கும் பொதுவாய் அச்சிட்ட புது முறைப்படி ஆராதனை. நான் பழக்கத்தில் பழைய வார்த்தையையே உரக்கச் சொல்லிவிட்டேன், அக்கா வரிக்கு விரல் வைத்துப் புத்தகத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். காலேஜில் சரித்திரத்தில் படித்தது ஞாபகம் வந்தது. இங்கிலாந்தில் லத்தீனை எடுத்துவிட்டு சனங்களின் பேச்சிலேயே ஜெபப்புத்தகம் போட்டபோது, பழசுதான் வேண்டும் என்று குடியானவர்கள் கலகம் செய்து செத்தார்கள். நூறு வருஷம் கழித்து அதே புத்தகத்தைத் தடைசெய்தபோது வீட்டுக்குள் ஒளிந்து சொன்னார்கள். அங்கிருந்து தமிழாகி, தேரி மணலில் எழுத்துத் தெரியாதவர்கள் வாய்க்கும் வந்தது. எவரோ எழுதியதுதான் மகளே. ஆனால் எத்தனையோ பேர் சாவு வீட்டில் வாய் வராமல் நின்று சொல்லிச் சொல்லி அம்மிக்குழவிபோலத் தேய்ந்தது, அந்தத் தேய்மானத்தில் உன் கையும் பொருந்தும் என்றுதான் சொல்கிறேன்.

கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு படு, வேளைக்குச் சாப்பிடு, அந்தப் பெண்ணின் குழந்தை எப்படியிருக்கிறது என்று மறக்காமல் எழுது. சாலு இப்போது நீர்க்கஞ்சி குடிக்கிறான், உன்னைத் திருப்பூர் ராணி என்று எழுதச் சொன்னான். உன்னைக் கைவிடாதவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இன்று பதினைந்தாம் தேதி. ஜெபப்புத்தகத்தின் தேதிக் கணக்குப்படி சாயங்காலத்துக்கு எழுபத்தெட்டாம் சங்கீதம், சின்ன வயதில் நீ இது முடியவே முடியாது என்று என் மடியில் தூங்கிப்போவாயே அதுதான். நாற்பதாம் வசனத்தில் சாலு இருமி எழுந்துவிட்டான், இனி எனக்கு முடியாது. சனங்கள் இன்னும் வனாந்தரத்திலேயே நிற்கிறார்கள். கடிதம் எந்தத் தேதியில் வந்தாலும் சரி, மனசு ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் சரி, மீதி வசனங்களைச் சொல்லி அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இனி உன் பாடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா