வேலமரத்தடி மண்

கோவை
2.6.2024

கோகிலவாணிக்கு,

நலம். நீ போன் எடுப்பதில்லை, அதனால் கடிதம்.

உன் அப்பாவின் காட்டில் விவசாயம் பார்க்கிறேன் என்று வெள்ளகோவில் போய் இரண்டு வருடம். புருஷனுக்கு நீ அனுப்பிய முதல் தபால், பரிசோதனைக்கு ஒரு பொட்டலம் மண்! என் பாராட்டு விழாவுக்குக்கூட நீ வரவில்லை. பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது.

மண் தப்பு. சத்தெல்லாம் எக்கச்சக்கம், ஆட்டுப் புழுக்கைத் தூள் வேறு. ஆடு அடைகிற வேலமரத்தடியில் எடுத்திருக்கிறாய். மண் விஞ்ஞானியோடு குடித்தனம் செய்தவள் செய்கிற காரியமா? மரம், வரப்பு, எருக்குழி விட்டுத் தள்ளி, பல இடத்தில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி அனுப்பு. விளக்கத்தாள் இணைத்திருக்கிறேன்.

உன் அப்பா இருந்தவரை என்னை அந்தக் காட்டுக்குள் விட்டதே இல்லை. "மண்ணை மோந்து பாக்கறதுக்கு மாப்பிள்ளைக்குச் சம்பளமாமா!" என்று பந்தியில் சிரித்தார். நான் மறக்கவில்லை.

திருமூர்த்தி

வெள்ளகோவில்
9.6.2024

மாமாவுக்கு,

இருமல் விட்டுதுங்களா?

தாள் வந்ததுங்க. அதைத் தமிழ்ல எழுதிக் குடுத்ததே நான்தானுங்க, மறந்துபோட்டீங்களா? மரத்தடியில எடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுதான் எடுத்தேன்.

தாராபுரத்து மாரப்பன் தப்பா மண் கொண்டாந்தப்ப, "நானே வந்து எடுக்கறேன்"னு மறுநாளே பஸ் ஏறுனீங்க. சின்ன விவசாயி எவன் தப்பா எடுத்தாலும் சாப்பாட்டைப் பாதியில வெச்சுப்போட்டு ஓடுவீங்க. எனக்கும் மூணு ஏக்கராதானுங்க. நான் தப்பா எடுத்தாலும் வருவீங்கன்னு நெனச்சேன். தாள்தான் வந்துச்சு.

இப்பச் சொன்னபடி எடுத்து அனுப்பியிருக்கறேன். ஆடியில விதைக்கோணும்.

கோகிலா

கோவை
20.6.2024

கோகிலாவுக்கு,

மண் சரியாக இருக்கிறது. ஒரு கல் இல்லை, ஒரு வேர் இல்லை. குறை ஏதாவது அகப்படுமா என்று தேடித் தேடிப் பார்த்தேன்.

நேற்று காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறிச் சிங்காநல்லூர் வரை வந்தேன். உங்கள் ஊர் வழியாகப் போகிற கரூர் பஸ் நின்றது. "வெள்ளகோவிலுங்களா? ஏறுங்க, சீட் இருக்குது" என்றார் கண்டக்டர். மாரப்பனிடம் போகக் காரணம் இருந்தது. உன் வாசலில் என்ன சொல்லிக்கொண்டு நிற்பேன்? திரும்பிவிட்டேன்.

மண்ணை இன்னும் சோதிக்கவில்லை. முடிவை அனுப்பிவிட்டால் அப்புறம் எனக்கு உன்னிடமிருந்து எதுவும் வராது.

"வாங்க" என்று ஒரு வார்த்தை எழுது.

திருமூர்த்தி

வெள்ளகோவில்
26.6.2024

மாமாவுக்கு,

எழுத மாட்டேனுங்க. உங்களுக்கு ரோசம்னா எனக்கும் ரோசந்தான். எங்கப்பன் மகதானுங்களே.

நீங்க ஆயுசு பூரா வேண்டாம்னு சொன்ன யூரியா, மூட்டை மூட்டையா வாங்கியாச்சுங்க. திங்கக்கிழமை வெடியால காடு பூரா எறைக்கப் போறேன். தடுக்கறதுன்னா வந்து தடுங்க.

கோகிலா