கூட்டம் இல்லாத நாள்

இன்று காலை குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாசனை குப்பென்று வந்தது. மழை முடிந்த கையோடு ஆவடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மருந்தைக் கொஞ்சம் தாராளமாகவே கொட்டிவிடுகிறார்கள். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். நான் வாளி நிரம்பி வழியும்வரை அங்கேயே நின்றிருந்தேன். எனக்கு அது பூந்தமல்லிக்கு அப்பால் இருக்கும் அந்தத் தீம் பார்க்கின் வாசனை. அலைக்குளத்தில் இடுப்பளவு தண்ணீரில், யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியாத ஒரு பிள்ளையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு நீ நிற்பாயே, அந்த வாசனை.

குளித்துவிட்டு வருவதற்குள் பவி போன் செய்தாள். உன் மகள் காலேஜில் சேர்ந்துவிட்டாள் மச்சான். குரலில் மட்டும் இன்னும் அந்தப் பழைய அவசரம்.

"மாமா, பொங்கல் லீவுல பார்க்குக்குப் போலாமா? அம்மாவும் வரேன்னு சொல்லுது. கூட்டம் கம்மியா இருக்கிற நாளா நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு காலத்தில் அரை நிமிடம் போதும். உனக்குத் தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் நீ தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் இருந்தாய், நான் பிளானிங்கில். எந்த மெஷினில் எப்போது எந்த வேலை ஓட வேண்டும் என்று நாள் முழுக்க முன்கூட்டியே யோசிப்பதுதான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. பார்க்குக்குப் போவதென்றால் முதலில் தினசரி காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். முகூர்த்த நாள் என்றால் ஜனம் கல்யாண மண்டபத்தில் இருக்கும், பார்க் காலி. மார்கழியில் கல்யாணமே கிடையாது, அதனால் அரையாண்டு லீவில் எல்லோரும் அங்கேதான் வந்து விழுவார்கள். மாதக் கடைசி நல்லது, கையில் காசு இருக்காது. வாரநாள்தானே என்று நம்பிப் போய்விடவும் கூடாது. ஜனவரியில் ஸ்கூல் டூர் பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். மழை வரும் என்று டிவியில் சொல்லி, மழை வராமல் போகிற நாள்தான் எல்லாவற்றிலும் உசத்தி.

நான் இதையெல்லாம் சொல்லச் சொல்ல, நீ டீ கிளாஸை உருட்டிக்கொண்டே கேட்பாய். அப்புறம் சொல்வாய்: "எல்லாம் கரெக்ட்டு ஜோசியரே. நாம காணும் பொங்கலுக்கே போலாம்."

ஜோசியர் என்ற பெயரை எனக்கு வைத்தவன் நீதான். ஷாப் முழுக்க அது பரவி, கடைசியில் வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

வருஷா வருஷம் ஜெயித்தது நீதான். காணும் பொங்கலன்று கொரட்டூரிலிருந்து நீயும் செல்வியும் பவியும், ஆவடியிலிருந்து நாங்கள், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் சேர்ந்துகொள்வோம். பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. உள்ளே சோறு கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் வாசலுக்கு எதிரே மர நிழலில் பத்து மணிக்கே புளிசோற்றைப் பிரித்துவிடுவோம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கும் நீ ஒரு உருண்டை கொடுத்துவிட்டு வருவாய். அப்புறம் உள்ளே எந்த விளையாட்டுக்கு நின்றாலும் ஒரு மணி நேர வரிசை. நான் கடுகடு என்று நிற்பேன். நீயோ முன்னால் நிற்பவர் திருமழிசையா, உன் தாத்தா நாற்று நட்ட வயலுக்குப் பக்கத்துத் தெருவா என்று விசாரித்து, வரிசை நகர்வதற்குள் அவரை அண்ணாத்தே ஆக்கியிருப்பாய்.

ஒரு தடவை பொறுக்காமல் கேட்டேன், இந்த நசநசப்பில் உனக்கு என்னதான் கிடைக்கிறது என்று. "இன்னாடா இது, ஜனம் இல்லன்னா அங்க இன்னா கீது? வெறும் இரும்பு," என்றாய். அப்போது அதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஊஞ்சல் மாதிரி ஆடும் கொலம்பஸ் கப்பலில் மட்டும் பவியை ஏற்ற மாட்டார்கள். வாசலில் உயரம் பார்க்க நட்ட கம்பத்தின் கோட்டுக்கு அவள் தலை எட்டாது. கடைசியாகப் போன வருஷம் அழுத பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டு, "அடுத்த தபா நீயும் நானும் ஒண்ணா குந்துறோம். நைனா ப்ராமிஸ்," என்றாய். நான் அந்தக் கப்பலில் ஏறுகிற ஆளே இல்லை. உயரம் என்றாலே எனக்குப் பயம். எல்லோருடைய பைகளையும் கட்டிக்கொண்டு கீழே நிற்பதுதான் என் வேலை. நீ மேலே போகும்போதெல்லாம் கத்துவாய், நான் கீழிருந்து கையாட்டுவேன்.

அடுத்த தடவை வருவதற்குள் உன் சிறுநீரகம் படுத்துவிட்டது.

டயாலிசிஸ் தொடங்கிய பிறகு பார்க் என்ற பேச்சே இல்லை. பவி வளர்ந்து, அந்தக் கோட்டைத் தாண்டி, அதைப் பற்றிக் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். ஒரு பொங்கல் முடிந்து நான் உன்னைப் பார்க்க வந்தேன். ஜன்னல் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். செல்வி காபி எடுத்து வர உள்ளே போனதும் மெல்லச் சொன்னாய்: "ஜோசியரே, கூட்டமே இல்லாத நாளா ஒண்ணு பாத்து சொல்லு. டாக்டர் கூட்டத்துல போக்கூடாதுன்றாரு. பாப்பாவ அந்தக் கப்பல்ல ஏத்திப் பாத்துரணும்."

நீ கேட்டு நான் நாள் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எத்தனையோ வருஷம் அந்த வார்த்தைக்காகத்தான் உன்னோடு மல்லுக்கட்டினேன். வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை. காலண்டரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தலையை நிமிர்த்தவே இல்லை.

தை மாதத்தில் பெரிய முகூர்த்த நாள், வாரநாள், மாதக் கடைசி. ஸ்கூல் டூர் எதுவும் வரவில்லை என்றும் பார்க்குக்கே போன் செய்து கேட்டுக்கொண்டேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல நாள் பார்த்ததில்லை. காரில் போய் இறங்கினோம். வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. டிக்கெட் கொடுக்க ஒரே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பாட்டு இல்லை, ஜூஸ் கடைகளில் பாதி சாத்தியிருந்தது, அலைக்குளத்தில் அலை விடவில்லை. பெரிய சறுக்குமரத்துக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள்.

கப்பலை ஓட்டுகிற தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆள் சேரட்டும் சார். ரெண்டு பக்கமும் சமமா ஆள் உக்காந்தாத்தான் எடுப்போம். இன்னிக்கு வருவாங்களான்னு தெரியல."

பவி, "பரவால்லப்பா, வேற ஏதாச்சும் பாக்கலாம்," என்றாள். அவள் சொன்ன விதத்தில் எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

நீ என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்தக் காலிச் சிமென்ட் தரையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "கூட்டம் இல்லாத நாளு கேட்டா, ஊரையே காலி பண்ணிட்டியேடா." அப்புறம் மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாய்.

அந்த நடை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த புதுப்பெண் மாப்பிள்ளையிடம் போனாய். திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்திடம் போனாய். தரை கூட்டும் பெண்களிடமும் சாத்திய கடை வாசலில் நின்ற ஜூஸ்காரரிடமும் போனாய். "வாங்க அண்ணாத்தே, அஞ்சு நிமிசம் வந்து குந்துங்க. எம் பொண்ணு ஒரு தபா ஏறணும், அவ்ளோதான்." செல்வி பின்னாலேயே, "கிட்டப் போய் நின்னு பேசாத, தள்ளி நில்லு," என்று பதறிக்கொண்டே வந்தாள். மாட்டேன் என்று சொல்ல அங்கே யாருக்கும் மனசு வரவில்லை. துடைப்பத்தைக் கம்பியில் சாய்த்துவிட்டு அந்தப் பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு முதலில் ஏறினார்கள்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகும் பவியின் பக்கத்து இடம் காலியாக இருந்தது. "இந்தப் பக்கம் ஒரு ஆள் வந்தா எடுத்துரலாம். நீங்களே ஏறுங்களேன் சார்," என்றான் அந்தத் தம்பி உன்னிடம்.

டயாலிசிஸ் ஊசி குத்திய இடத்தில் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாய் நீ. "நமக்கு லீவுபா." அப்புறம் என் பக்கம் திரும்பினாய். "ஜோசியரே, பைய கொடு."

என் தோளிலிருந்த பைகளை நீயே கழற்றி வாங்கிக்கொண்டாய். நான் போய்ப் பவி பக்கத்தில் உட்கார்ந்தேன். கம்பியை மூடும்போது குனிந்து சொன்னாய்: "கண்ண மூடிக்காத. மேல போனதும் கீழ பாரு, நான் கீறேன்."

கப்பல் ஆடத் தொடங்கியதும் நான் பவியின் கையைத்தான் பிடித்துக்கொண்டேன். அவள் எனக்குத் தைரியம் சொன்னாள், வெட்கக்கேடு. ஆனால் உச்சிக்குப் போனபோது நீ சொன்னபடி கீழே பார்த்தேன். அவ்வளவு பெரிய வெட்டவெளியில் ஓரமாகச் செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நடுவில் நீ மட்டும், தோளெல்லாம் பைகளோடு, நல்ல கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாய். பவி, "அப்பா, அப்பா," என்று கத்திக்கொண்டே இருந்தாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கப்பல் ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் நீ இன்னும் அங்கேதான் நின்றாய்.

அந்த வருஷ மழைக்காலத்தில் நீ போய்விட்டாய்.

சாமியானாவும் நாற்காலியும் சொல்லிவிடும் வேலை என்னிடம் வந்தது. இவ்வளவு பேர்தான் வருவார்கள் என்று ஒரு கணக்குப் போட்டேன். மழை பெய்கிறது, வேலைநாள், பாதிப் பேர் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். உன் தெரு கொள்ளவில்லை. எஸ்டேட்டே வந்தது, திருமழிசையிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள், பஸ் கண்டக்டர் ஒருவர் யூனிபார்மோடு வந்து மாலை போட்டுவிட்டு ஓடினார். குடையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் நின்றபடியே இருந்தார்கள். உனக்கு ரொம்பப் பிடித்திருக்கும் என்று தோன்றியபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

பவி அதற்கப்புறம் பார்க்கைப் பற்றி வாய் திறந்தது இன்றைக்குத்தான். அதனால் இன்று முழுக்க காலண்டரும் கையுமாக இருந்தேன். பொங்கல் முடிந்து, முகூர்த்த நாள், வாரநாள், பொருத்தமாக ஒன்று இருக்கத்தான் செய்கிறது. விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் போன் செய்தபோது வாயில் வந்தது வேறு.

"காணும் பொங்கலன்னிக்கே போலாம்மா."

"நீங்களா மாமா சொல்றீங்க? செம கூட்டமா இருக்குமே. கப்பலுக்கே ஒரு மணி நேரம் நிக்கணும்."

"நிக்கலாம். புளிசோறு கட்டிக்கச் சொல்லு அம்மாவ."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். உனக்குச் சொல்கிறேன். நான் கப்பலில் ஏறத்தான் போகிறேன், பவி பக்கத்தில்தான் உட்காரப் போகிறேன். மேலே போனதும் கீழே பார்ப்பேன், அது இனி என்னை விடாது. கூட்டம் இல்லாத நாளில் பார்த்தால் நீ நின்ற இடம் வெறும் தரையாகக் கிடக்கும். அதை என்னால் தாங்க முடியாது மச்சான். காணும் பொங்கலன்று அங்கே தலைமேல் தலையாக ஜனம் நிற்கும். யாராவது ஒருவர் தோளில் பைகளோடு மேலே பார்த்துக் கையாட்டிக்கொண்டும் இருப்பார். இத்தனை பேருக்கு நடுவில் நீ எந்த மூலையில் நிற்கிறாய் என்று தெரியவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு, நானும் கையாட்டுவேன்.