எரிகோவைச் சுற்றி ஆறு நாள்

யோர்தானுக்கு அக்கரையில் இருக்கும் என் மில்காளுக்கு எஸ்போன் எழுதுவது. நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆடு குட்டி போட்டுவிட்டதா?

இங்கே இன்னும் சண்டையே இல்லை, பயப்படாதே. தினம் ஒரு தடவை எரிகோ நகரத்து மதிலைச் சுற்றி நடந்துவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்புகிறோம். கர்த்தரின் கட்டளை; இப்படி நடந்தால் மதில் தானே விழுமாம். நடக்கும்போது ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஏன் என்று பக்கத்துக் கூடாரத்து அரோதியிடம் கேட்டேன். "யோர்தான்ல தண்ணி நின்னு நமக்கு வழி விட்டப்ப ஏன்னு கேட்டியா? பேசாம நட" என்றான்.

நேற்று மதில்மேலிருந்து ஒருவன் கத்தினான். "என்னடா தினமும் சுத்துறீங்க, கழுதை தொலைஞ்சு போச்சா?"

என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். நாலு பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அது வீங்கிக் கஞ்சிதான் இறங்குகிறது. மதில் மட்டும் அப்படியே நிற்கிறது.

வருகிறவர்களிடம் செருப்பு வார் ஒரு ஜோடி கொடுத்தனுப்பு. சின்னவள் என்னென்ன பேசுகிறாள் என்று எழுது. நடக்கும்போதெல்லாம் மனதுக்குள் உன்னிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

கொம்பு ஊதுகிறார்கள், வரிசைக்குப் போகவேண்டும். இன்று ஏழாம் நாள், ஏழு சுற்று. கடைசியில் எல்லோரும் சேர்ந்து சத்தம் போடவேண்டுமாம். என்ன சொல்லிக் கத்துவது என்று யாரும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் உன் பேர்தான் வரும் போலிருக்கிறது.

உன் எஸ்போன்