திருப்பிப் போட்ட ஜெர்கின்

இன்று காலை ஆணியில் தொங்கிய உங்கள் ஜெர்கினை எடுத்தேன். மார்கழிப் பனியில் எதிர்வீடுகூடத் தெரியவில்லை. உதறியதும் தைலமும் பீடியும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. கூடவே ஒரு மடித்த செய்தித்தாள் கீழே விழுந்தது. காற்றுக்கு அடக்கமாக நெஞ்சில் செருகிக்கொள்வீர்களே, அந்தப் பேப்பர். இன்னும் மொடமொடவென்றே இருந்தது. தூக்கிப் போட மனம் வராமல் என் நெஞ்சிலேயே செருகிக்கொண்டேன்.

நீங்கள் போடுகிற மாதிரியே ஜெர்கினைத் திருப்பிப் போட்டேன். முதுகுப் பக்கம் நெஞ்சை மூடிக்கொண்டது. அப்புறம்தான் உறைத்தது, ஜிப்பு பின்னால் போய்விட்டது. கையை எப்படி முறுக்கினாலும் எட்டவில்லை. அடுப்படியில் நின்று தோள்பட்டை வலிக்க வலிக்க இழுத்துப் பார்த்தேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று, இப்போது சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிச் சூளைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் உங்களைத் தங்கமான மனுஷன் என்றார்கள். உங்கள் அக்கா ஒருபடி மேலே போய், பொண்டாட்டியை ஒருநாள்கூட பஸ்ஸுக்கு நிற்கவிட்டவன் இல்லை என்று மூக்கைச் சிந்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் போயிருந்தால் நனையாமலாவது போயிருப்பேன்.

நல்லூர்ப் பக்கமிருந்து விருத்தாசலம் வரை அந்த ஒரே வண்டியில்தானே எத்தனையோ வருஷம் வேலைக்குப் போனோம். பீங்கான் கம்பெனியில் நீங்கள் கல்லை மாவாக அரைக்கிற மில்லில், நான் ப்யூஸ் கேரியருக்குப் பிசிறு தேய்க்கிற கொட்டகையில். இந்த ஜெர்கின் மங்கலம்பேட்டையில் துபாயிலிருந்து வந்த ஒரு பாயிடம் நீங்கள் வாங்கியது. ஒன்றுதான் இருந்தது என்றீர்கள். சரி என்று விட்டேன். தினமும் காலையில் உங்கள் முதுகில் ஜிப்பை இழுத்துவிடுவது என் வேலை. எனக்குப் புடவைக்கு மேலே உங்கள் பழைய முழுக்கைச் சட்டை, காதைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான். மறு வருஷப் பனிக்காலத்தில் எனக்கும் ஒன்று வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டேன்.

"நானே செவுரு மாதிரி முன்னாடி ஒக்காந்திருக்கேன். ஒனக்கு என்னாடி குளிரு?" என்றீர்கள்.

மழைக்கோட்டும் ஒன்றுதான். அது யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மழை பிடித்தால் அதன் பின்பக்கத்தைத் தூக்கி அதற்குள் தலையை விட்டுக்கொள்வேன். உள்ளே ஒரே இருட்டு, ரப்பர் நாற்றம். கீழே ஓடுகிற ரோடும் உங்கள் குதிகாலும் மட்டும் தெரியும். உங்கள் முதுகில் வழிகிற தண்ணீர் மொத்தமும் என் மடியில் வந்து தேங்கும். கம்பெனி வாசலில் இறங்கினால் கொட்டகைப் பெண்கள் சிரிப்பார்கள். நீங்களும் கூடச் சேர்ந்து சிரிப்பீர்கள். புடவை காயும்வரை நான் சூளைப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

அப்புறம் இருமல் வந்தது. டாக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, தூசி பாதி பீடி பாதி என்றார். குளிர்காற்றும் ஈரமும் இந்த நெஞ்சுக்கு ஆகவே ஆகாது, வண்டியை விட்டுவிடுங்கள் என்றார். மில்லிலிருந்து உங்களை வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டுகிற இடத்துக்கு மாற்றினார்கள். நம் நேரத்துக்கு வந்த ஒரு பஸ்ஸும் அதற்குள் நின்றுபோயிருந்தது. வேறு வழியில்லாமல் நான் வண்டி பழகினேன்.

பழக்கியதும் நீங்கள்தான், ஏரிக்கரை மண்ரோட்டில். வாயைத் திறந்தால் காற்று உள்ளே போய் இருமல் பிடுங்கும் என்று பின்னால் உட்கார்ந்து கையாலேயே சொன்னீர்கள். இடது தோளில் தட்டினால் கியர் மாற்ற வேண்டும். வலது தோளில் அடித்தால் நிறுத்த வேண்டும். ஒருநாள் வண்டியை வாய்க்காலில் இறக்கினேன். மூச்சு வாங்க வாங்க, எருமைகூட ஒரு தரம் சொன்னால் கேட்கும் என்றீர்கள். அதைச் சொல்ல மட்டும் மூச்சு இருந்தது.

முதல் நாள் வேலைக்குப் போகும்போது நான் திரும்பிப் பார்த்து, "நானே செவுரு மாதிரி முன்னாடி இருக்கேன், ஒங்களுக்கு என்ன குளிரு?" என்றேன். முதுகில் ஒரு குத்து விழுந்தது. கேட்டதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் உங்கள் இரண்டு கையும் என் சட்டைக்குள் வந்து ஒடுங்கின. குளிருக்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் டவுனுக்குள் நுழைகிற அந்த வளைவு இருக்கிறதே, கரும்பு டிராக்டர்கள் நிற்கிற எடைமேடைப் பக்கம். அங்கே தினமும் வலது தோளில் அடி விழும். இறங்கி, என்னைப் பின்னால் தள்ளி, ஜெர்கினை நேராகத் திருப்பிப் போட்டு, ஜிப்பைப் பாதியில் விட்டுக்கொண்டு நீங்கள் ஓட்டுவீர்கள். டீக்கடையில் உங்கள் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்களே! டாக்டர் வேண்டாம் என்ற காற்றை எல்லாம் திறந்த நெஞ்சில் வாங்கிக்கொண்டு அவர்களுக்குக் கையாட்டுவீர்கள். கம்பெனியில் இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவீர்கள். நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒருநாள் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டிலேயே நின்றேன்.

"பொண்டாட்டி ஓட்ட, பின்னாடி குந்திகினு டவுனுக்குள்ள வர்ற அளவுக்கு நான் இன்னும் சாவல" என்றீர்கள்.

போன கார்த்திகையில் அந்த அடைமழை நாள். விடிந்ததிலிருந்து உங்களுக்கு மூச்சே பிடிபடவில்லை. ஆட்டோவுக்குச் சொன்னால் ரோட்டில் தண்ணீர், வர மாட்டேன் என்றான். பேப்பரைச் செருகி, ஜெர்கினைத் திருப்பிப் போட்டு, ஜிப்பை இழுத்து, மழைக்கோட்டையும் மாட்டி உங்களை ஏற்றினேன். வளைவு வந்தது. வலது தோளில் அடித்தீர்கள். நான் நிறுத்தவில்லை. மறுபடி அடித்தீர்கள். அந்த மூச்சில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, அப்படி ஓர் அடி. இன்னும் முறுக்கினேன். டீக்கடையைத் தாண்டும்போது உங்கள் ஆட்களில் ஒருவர் எழுந்து நின்று, "என்னா மாமா, அம்பாரி சவாரியா?" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் கை என் தோளிலிருந்து இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா ஜிப்பை இறக்கி நெஞ்சைத் திறந்தார். பேப்பர்கூட நனையவில்லை. நான் மட்டும் சொட்டச் சொட்ட நின்றேன். பாருங்க, ஒரு சொட்டு படல என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். இருந்த நாட்கள் பூராவும் அப்படியே கிடந்தீர்கள். கஞ்சி கொடுத்தால் வாயைத் திறப்பீர்கள், பேச மாட்டீர்கள். கடைசியாக நான் கேட்ட உங்கள் குரல் நர்ஸம்மாவிடம் பேசியதுதான்.

"இவள வெளிய போவச் சொல்லுங்க."

போனேன். திரும்பக் கூப்பிட்டபோது முடிந்துவிட்டிருந்தது.

ஓட்டியே தீருவேன் என்று அடம்பிடித்த மனுஷனை ஒருதரம் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன், அவ்வளவுதான். நான் செய்தது சரி. ஊரே கூடி வந்து கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். உங்களை நான் மன்னிக்கவில்லை. நீங்களும் என்னை மன்னிக்காமலே போய்விட்டீர்கள், கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

இன்று காலை ஜிப்பு போடாமலே கிளம்பினேன். நெஞ்சு கதகதவென்று இருந்தது. ஜெர்கின் பின்னால் இரண்டாகப் பிரிந்து படபடவென்று அடித்துக்கொள்ள, முதுகு முழுக்கப் பனி இறங்கியது. பின்னால் நீங்கள் உட்கார்ந்திருந்த நாளில் அந்த இடத்தில் எனக்குக் குளிரியதே இல்லை. வளைவு வந்தது. எடைமேடையில் டிராக்டர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றன. வலது தோள் தானாக இறுகிக்கொண்டது, அடி விழும் என்று.

அடியுங்கள், என்னங்க. எவ்வளவு வேண்டுமானாலும் அடியுங்கள். நான் நிறுத்த மாட்டேன்.